மூடிப்போன டிஸ்டிலரி, பழைய விஸ்கி, ஏலம்: கிருஷ்ணகிரியில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை

வேலை நிமித்தமாக ஒன்பது வருடம் எடின்பரோவில் இருந்தேன். மூடிப்போன ஆலைகளின் பழைய விஸ்கியை ஏலத்தில் வாங்கிச் சேர்க்கும் பைத்தியம் அங்கேதான் பிடித்தது. இப்போது கிருஷ்ணகிரி பழையபேட்டையில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறேன். சேர்த்ததில் மிச்சம் 14 பாட்டில். அதில் 13 மச்சான் வீட்டு அலமாரியில், ஸ்காட்லாந்திலேயே இருக்கின்றன. இங்கே இருப்பது ஒன்றே ஒன்று.

கல்யாண வீடு, டீக்கடை, குடும்ப வாட்ஸ்அப் குழு என்று எங்கே போனாலும் அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"பழைய விஸ்கின்னா என்ன அப்படி? நம்ம டாஸ்மாக் எலைட் கடையில கிடைக்காதா?"

கிடைக்காது. எலைட் கடையில் இருப்பது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்டிலரிகளின், அதாவது காய்ச்சும் ஆலைகளின் சரக்கு. தீர்ந்தால் அடுத்த லோடு வரும். நான் சொல்வது மூடிவிட்ட ஆலைகளின் விஸ்கி. அன்றைக்குக் காய்ச்சிப் பீப்பாயில் ஊற்றி வைத்ததுதான் மொத்தக் கையிருப்பு. உலகத்தில் எங்கோ ஒருவர் ஒரு பாட்டிலைத் திறந்தால் அதில் ஒன்று குறையும், அவ்வளவுதான். கடைகளில் ஏறக்குறைய தீர்ந்துவிட்டதால் ஏலத்துக்குத்தான் போக வேண்டும்.

"நல்ல சரக்குன்னா ஏண்ணா மூடினாங்க?"

எல்லாரும் கேட்கும் கேள்வி. எனக்கும் பதில் சொல்லப் பிடித்த கேள்வி. ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் நல்ல விலை என்று எல்லாரும் தக்காளி போடுவார்கள். அறுவடை ஒன்றாக வந்து விழும், விலை படுத்துவிடும், கூடை கூடையாக ரோட்டோரம் கொட்டுவார்கள். தக்காளிக்கு மூன்று மாதக் கணக்கு. விஸ்கிக்குப் பத்து, பன்னிரண்டு வருடக் கணக்கு. ஸ்காட்லாந்து விஸ்கிக்கு ஸ்காட்ச் என்று பெயர் வைக்கவே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடக்க வேண்டும். நல்லது என்றால் அதற்கு மேலும். ஆகவே இன்று காய்ச்சுகிறவர் பத்து வருடம் கழித்து எவ்வளவு விற்கும் என்று ஊகித்துத்தான் காய்ச்ச வேண்டும்.

1960, 70-களில் ஊகம் தப்பாகப் போனது. அளவுக்கு மீறிக் காய்ச்சிவிட்டார்கள். அப்புறம் எண்ணெய் விலை ஏற்றம், மந்தநிலை, இளைஞர்கள் வோட்கா பக்கம் சாய்ந்தது எல்லாம் சேர்ந்து வந்தன. கிடங்கு நிறையப் பீப்பாய், வாங்க ஆளில்லை. விஸ்கியை யாரும் ரோட்டில் கொட்ட மாட்டார்கள், ஆலையை மூடுவார்கள். அன்றைக்கு ஸ்காட்லாந்தில் பெரிய கையாக இருந்த டிஸ்டில்லர்ஸ் கம்பெனி லிமிடெட் 1983-இல் மட்டும் பத்து டிஸ்டிலரிகளுக்கு மேல் பூட்டியது. அதே 1983-இல்தான் இங்கே டாஸ்மாக் தொடங்கினார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை, ஆனால் எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

எதை மூடினார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ருசி இல்லாததைத் தேடிப் பிடித்து மூடவில்லை. அந்த நாளில் மால்ட் விஸ்கியில் (முளைகட்டிய பார்லியில் மட்டும் காய்ச்சியது) பெரும்பங்கு, பல ஆலைச் சரக்கைச் சேர்த்துச் செய்யும் கலப்பு விஸ்கிக்குள் போய்விடும். தனிப் பெயரில் குடித்தவர்கள் குறைவு. பழைய கட்டடம், சின்ன ஆலை, பக்கத்திலேயே அதே கம்பெனிக்கு இன்னொரு ஆலை என்று கணக்குப் பிள்ளையின் பேனாதான் முடிவு செய்தது. கிடங்கில் மிச்சம் இருந்த பீப்பாய்கள் இருபது, முப்பது வருடம் கழித்துப் பாட்டிலுக்கு வந்தபோதுதான் 'ஐயோ, இதையா மூடினோம்' என்று ஆனது.

"எந்தெந்தப் பேரு தெரிஞ்சிருந்தா போதும்?"

மூன்று பெயரில் தொடங்கலாம். முதலாவது போர்ட் எல்லன். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் கடலோரமாக 1825-இல் தொடங்கி 1983-இல் மூடியது. புகையும் உப்பும் கலந்த வாசம். மிச்சப் பீப்பாய்களை, பின்னாளில் அதன் உரிமையாளரான டியாஜியோ கம்பெனி 2001 முதல் வருடம் ஒரு முறை பாட்டிலில் வெளியிட்டது. முதல் வெளியீடு 1979-இல் காய்ச்சி 22 வருடம் கிடந்த சரக்கு, 6,000 பாட்டில். இரண்டாவது பிரோரா, வடக்கு ஸ்காட்லாந்து. அதன் பழைய பெயர் கிளைன்லிஷ். பக்கத்திலேயே புது ஆலை கட்டி அந்தப் பெயரை அதற்குக் கொடுத்துவிட்டு, பழையதை 1969-இல் பிரோரா என்று மறுபடி ஓட்டினார்கள். கலப்பு விஸ்கிக்குப் புகை வாசச் சரக்கு தேவைப்பட்டதால் 1973 வரை அங்கே பார்லிக்கு நன்றாகப் புகையேற்றிக் காய்ச்சினார்கள். அந்த நாலைந்து வருடச் சரக்குக்குத்தான் மிகப் பெரிய கிராக்கி. அதுவும் 1983-இல் போயிற்று.

மூன்றாவது, என் செல்லம், ரோஸ்பேங்க். ஃபால்கர்க் ஊரில் கால்வாய் ஓரம். மூன்று தடவை வடிப்பார்கள். பூ வாசம் மாதிரி லேசாக இருக்கும். 1993-இல் மூடினார்கள். கழிவுநீர் சுத்திகரிப்புக்குப் பெரிய செலவு செய்ய வேண்டியிருந்ததும் ஒரு காரணம். மூடிய பிறகு 2008 கிறிஸ்துமஸ் சமயத்தில் திருடர்கள் புகுந்து செம்பு வடிகலன்களையே கழற்றிக்கொண்டு போனார்கள். பழைய இரும்புக் கடையும் செம்புத் திருட்டும் நம்ம ஊருக்கு மட்டும் உரியவை அல்ல.

மூடியவற்றில் இன்னொன்றான செயிண்ட் மக்தலீன் இன்று அடுக்குமாடி வீடு. எடின்பரோவிலிருந்து கிளாஸ்கோ போகும் ரயிலில் லின்லித்கோ வந்தால் அதன் கோபுரக் கூரை தெரியும். இன்வெர்னஸ் ஊரின் கிளென் மோர், கிளென் ஆல்பின் இரண்டையும் 1986-இல் இடித்தே விட்டார்கள். ஜப்பானில் மூடியவை கருயிசாவா, ஹன்யு. அவற்றின் விலை பற்றிக் கீழே வருகிறது. மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

"பாட்டில்லயே வெச்சிருந்தா வருஷம் ஏற ஏற ருசி ஏறும்ல?"

ஏறாது. மல்கோவாவைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும். விஸ்கி பீப்பாயில்தான் பழுக்கும். பாட்டிலில் அடைத்த அன்றோடு அதன் வயசு நின்றுவிட்டது. 12 வருட விஸ்கியை நீங்கள் 40 வருடம் பீரோவில் வைத்தாலும் அது 12 வருட விஸ்கிதான். ஆகவே லேபிளில் காய்ச்சிய வருடம், அடைத்த வருடம் இரண்டையும் பாருங்கள்.

"ஏலம்னா நம்ம புளியமர ஏலம் மாதிரி கூடி நின்னு கேக்கறதா?"

பெரும்பாலும் இல்லை. பெரிய ஏல நிறுவனங்களில் மேடை, சுத்தியல் எல்லாம் உண்டு. ஆனால் என்னைப் போன்றவர்கள் கேட்பது இணைய ஏலத்தில். ஸ்காட்லாந்தில் இதற்கென்றே சில நிறுவனங்கள் இருக்கின்றன. விற்பவர் பாட்டிலை அவர்களிடம் ஒப்படைப்பார். அவர்கள் படம் எடுத்துப் போடுவார்கள். ஒரு வாரம், பத்து நாள் ஓடும். உங்கள் உச்சவரம்பைச் சொல்லி வைத்தால் எதிராளி ஏற்ற ஏற்ற, அந்த வரம்பு வரைக்கும் உங்களுக்காகத் தானே ஏற்றிக்கொண்டு போகும்.

புளியமர ஏலத்தில் 'மூணு தரம்' சொன்னால் முடிந்தது. இதில் கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் பல தளங்களில் நேரம் நீளும். அங்கே இரவு 8 மணிக்கு முடிகிறது என்றால் நமக்குக் கோடையில் நள்ளிரவு 12.30, குளிர்காலத்தில் 1.30. தூக்கக் கலக்கத்தில் இன்னும் ஒரு பத்து பவுண்டு, இன்னும் ஒரு பத்து என்று ஏற்றுவதில்தான் பணம் போகும். நான் உச்சவரம்பை மாலையிலேயே போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். காலையில் கிடைத்திருந்தால் கிடைத்தது.

"400 பவுண்டுக்கு முடிஞ்சா 400 கட்டினா போதும்ல?"

போதாது. வாங்குபவர் கமிஷன் இணைய ஏலத்தில் சுமார் 10 சதவீதம் என்று வையுங்கள்: 40 பவுண்டு. அந்தக் கமிஷன் மேல் 20 சதவீதம் வரி: 8. ஆக 448. அப்புறம் கூரியர், உடைந்தால் என்று காப்பீடு. 460-ஐத் தாண்டிவிடும். மேடை போட்டு ஏலம் விடும் பெரிய நிறுவனங்களில் கமிஷன் 25 சதவீதமும் அதற்கு மேலும் உண்டு. விற்பவரிடமும் தனியாக ஒரு பிடித்தம் இருக்கும். நிலம் வாங்கும்போது பத்திரச் செலவைச் சேர்த்துப் பார்ப்பீர்கள் அல்லவா, அதே மாதிரி.

"வெறும் போட்டோவைப் பார்த்து எப்படிங்க நம்பறீங்க?"

முதலில் மட்டம். விஸ்கி கழுத்தில் நிற்கிறதா, தோளுக்கு இறங்கிவிட்டதா என்று பாருங்கள். பழைய கார்க் வழியாக வருடா வருடம் கொஞ்சம் ஆவியாகும். 40 வருடப் பாட்டிலில் கழுத்தடி வரை இறங்கியிருப்பது சகஜம். தோளுக்குக் கீழே போயிருந்தால் நான் தொட மாட்டேன். காற்று உள்ளே வேலை செய்திருக்கும்.

அடுத்தது அளவும் வலிமையும் எழுதியிருக்கும் விதம். பிரிட்டனில் 1980 வாக்கில்தான் லேபிள்கள் மெட்ரிக்குக்கு மாறின. அதற்கு முன் 'திரவ அவுன்ஸ்' கணக்கு. பிறகு 75 சென்டிலிட்டர் (750 மில்லி), 1990-களின் தொடக்கத்திலிருந்து 70. வலிமையை '70 புரூஃப்' என்று போட்டிருந்தால் அது பிரிட்டிஷ் பழைய கணக்கு, இன்றைய 40 சதவீதம். பிரிட்டனில் விற்ற 1960-களின் பாட்டில் என்று சொல்லிவிட்டு லேபிளில் 70 சென்டிலிட்டர் என்று இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

யார் அடைத்தது என்பதும் முக்கியம். ஆலைக்காரர் அடைத்தது ஒரு வகை. பீப்பாயை வாங்கித் தன் பெயரில் அடைக்கும் வியாபாரிகள் இன்னொரு வகை: கார்டன் அண்ட் மெக்ஃபைல், கேடன்ஹெட், சிக்னேட்டரி போன்றவர்கள். அதே ஆலைச் சரக்கு இவர்கள் லேபிளில் பல சமயம் விலை குறைவாகக் கிடைக்கும். என் 14-இல் ஒன்பது அப்படி வாங்கியவைதான்.

"இதுலயும் டூப்ளிகேட் வருமா?"

தாராளமாக. ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வு மையம் 2018-இல் 55 அரிய பாட்டில்களைச் சோதித்தது. 21 போலி. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. அந்தக் காற்றில் வளர்ந்த பார்லியிலும் அது ஏறியது. அதை அளந்தால் 1900-க்கு முந்தியது என்று சொல்லும் விஸ்கி உண்மையில் 1970-களில் காய்ச்சியதா என்று தெரிந்துவிடும்.

சுவிட்சர்லாந்தில் செயிண்ட் மோரிட்ஸ் ஊர் ஹோட்டல் ஒன்றில் 2017-இல் ஒருவர் 1878-ஆம் வருட மெக்காலன் (பேர்போன ஸ்காட்ச்) என்று ஒரு சின்னக் கோப்பைக்கு ஏறக்குறைய 10,000 பிராங்க் கொடுத்துக் குடித்தார். பிறகு சோதித்தால் அது 1970-களின் தொடக்கத்துச் சரக்கு. ஹோட்டல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஹோட்டல்காரருக்கே தெரியவில்லை என்றால் நாம் எம்மாத்திரம்? அதனால்தான் நான் மிகப் பழையதன் பக்கம் போவதே இல்லை. 1990-க்குப் பிறகு அடைத்தது, பாட்டில் எண் போட்டது, பெட்டியோடு இருப்பது என்றால் நிம்மதி.

"ஊருக்குக் கொண்டு வரலாமா, கஸ்டம்ஸ்ல பிடிப்பாங்களா?"

கையோடு 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டு வரலாம். கணக்கு போடுங்கள்: 70 சென்டிலிட்டர் பாட்டில் இரண்டு என்றால் 1.4 லிட்டர். மூன்று என்றால் 2.1. அந்த 100 மில்லிக்காக மாட்டியவர்களை எனக்குத் தெரியும். விமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் வலிமை உள்ளதை ஏற்ற மாட்டார்கள். பழைய விஸ்கி அந்த அளவுக்குப் போகாது, பயம் வேண்டாம்.

கூரியரில் வரவழைப்பதை மறந்துவிடுங்கள். இறக்குமதிச் சுங்கவரி நீண்ட காலமாக 150 சதவீதம். 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தம் அதை முதலில் 75 ஆகவும் பத்து வருடத்தில் 40 ஆகவும் குறைக்க வழி செய்கிறது. ஆனால் அது சுங்கவரி மட்டும்தான். மாநிலத்தின் வரியும் அனுமதியும் தனி. ஆகவே என் 13 பாட்டிலும் மச்சான் வீட்டிலேயே இருக்கட்டும்.

"பெங்களூர் ஏர்போர்ட்ல விட்டுட்டா முடிஞ்சதுதானே? அத்திப்பள்ளி தாண்டினா யாரு கேக்கப் போறா?"

ஜூஜூவாடியில் கேட்பார்கள். கர்நாடகச் சரக்கை ஓசூர் வழியாகக் கொண்டு வருகிறவர்களைப் பிடிக்கத்தான் அங்கே சோதனை. உங்கள் பாட்டில் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று காட்ட, போர்டிங் பாஸும் வாங்கிய ரசீதும் கையில் இருக்கட்டும். வீட்டில் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளவும் நம் மாநிலத்தில் அளவு உண்டு; அதற்கு மேல் என்றால் அனுமதி வேண்டும். கலெக்டர் ஆபீஸில் கலால் உதவி ஆணையர் அலுவலகம் இருக்கிறது, அங்கேயே கேளுங்கள். என்னைக் கேட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

"நம்ம வெயில்ல கெட்டுப் போகாதா?"

போகும். கெட்டும் இருக்கிறது. கிளென் மோர் ஒன்றைக் கொண்டு வந்திருந்தேன். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று அம்மா அதை எடுத்துப் பரணில், பழைய போர்வைக்கு நடுவே, படுக்க வைத்துவிட்டார். ஏப்ரல், மே. மேலே சிமெண்ட் ஷீட். ஜூனில் எடுத்தால் போர்வை முழுக்க வாசம், பாட்டிலில் முக்கால்தான். ஒயினைத்தான் படுக்க வைப்பார்கள். விஸ்கியை எப்போதும் நிறுத்தித்தான் வைக்க வேண்டும். படுக்க வைத்தால் சாராயம் கார்க்கை அரித்துவிடும்.

வெயிலின் வேகத்துக்கு ஒரு கணக்கு: ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். இங்கே பக்கத்தில் பெங்களூரு அம்ருத் டிஸ்டிலரியில் 10 முதல் 12 சதவீதம். பாட்டில் அவ்வளவு மோசம் இல்லை. இருட்டான பீரோவின் கீழ்த்தட்டு, கார்க்கைச் சுற்றி இறுக்கமாகப் பிளாஸ்டிக் உறை போதும். ஃபிரிட்ஜ் வேண்டாம்.

"எங்க தாத்தா மிலிட்டரில இருந்து கொண்டாந்த பாட்டில் ஒண்ணு சீல் உடைக்காம இருக்கு. எவ்ளோ போகும்?"

பத்துப் பேராவது படம் அனுப்பியிருப்பார்கள். எல்லாமே ரம், இல்லாவிட்டால் சாதாரணக் கலப்பு விஸ்கி. மேலே சொன்ன மட்டம் பாதியில் நிற்கிறது. ஏல மதிப்பு இல்லை. இருந்தாலும் உரிமம் இல்லாமல் இங்கே நீங்கள் விற்க முடியாது, அது குற்றம். தாத்தா படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அங்கேதான் அதற்கு மதிப்பு.

"மறுபடி திறந்துட்டாங்களாமே, இனி பழைய பாட்டில் விலை விழுந்துடுமா?"

உண்மைதான், திறந்துவிட்டார்கள். பிரோரா 2021-இல், போர்ட் எல்லன் 2024-இல். ரோஸ்பேங்கை வேறொரு கம்பெனி வாங்கி 2023-இல் மறுபடி காய்ச்சத் தொடங்கியது. பிரோராவில் பழைய வடிகலன்களையே செப்பனிட்டு வைத்தார்கள். ஆனாலும் 1972-இன் பார்லி, அன்றைய பீப்பாய், அன்றைய ஆட்கள் திரும்ப வரப்போவதில்லை. புதிய சரக்கு 20 வயசாக 2040-கள் வர வேண்டும்.

திறந்ததால் பெயர் இன்னும் பரவியது என்பது என் எண்ணம். விலை இறங்கியதும் உண்டு, ஆனால் அதற்குத் திறந்ததுதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. விலைக் கதை அடுத்த கேள்வியில்.

"அப்போ சைட் வாங்கறதை விட இதுல போடலாமா?"

வேண்டாம். தலைப்புச் செய்திகளைப் பார்த்துக் கேட்கிறீர்கள் என்று தெரியும். ஹன்யு ஆலையின் சீட்டுக்கட்டு வரிசை (ஒவ்வொரு பாட்டில் லேபிளிலும் ஒரு சீட்டு), 54 பாட்டில், 2019-இல் ஹாங்காங்கில் சுமார் 72 லட்சம் ஹாங்காங் டாலருக்குப் போனது. 52 வருடம் பீப்பாயில் கிடந்த கருயிசாவா 1960, மொத்தமே 41 பாட்டில். அதில் ஒன்று 2020-இல் லண்டனில் 3,63,000 பவுண்டு. இதெல்லாம் உச்சத்தின் உச்சி. 2022-க்குப் பிறகு பழைய விஸ்கி ஏல விலை பொதுவாக இறங்கியது. நான் 2021-இல் ஏக்கத்தில் வாங்கிய ஒரு போர்ட் எல்லனை இன்று விற்றால், மேலே போட்ட கமிஷன் கணக்கையும் சேர்த்துக் கையைக் கடிக்கும். சைட் என்றால் பத்திரம், பட்டா இருக்கிறது. இது கண்ணாடி; கைதவறினால் முடிந்தது.

"பீப்பாயாவே வாங்கிப் போடலாம், வருஷத்துக்கு இவ்ளோ உறுதின்னு போன் வருதே?"

'உறுதி' என்ற சொல் வந்ததும் வைத்துவிடுங்கள். நம்ம ஊரில் ஈமு கோழிக்கும் இப்படித்தான் சொன்னார்கள். ஸ்காட்ச் பீப்பாய் அரசு உரிமம் பெற்ற கிடங்கில்தான் இருக்க வேண்டும். உரிமை மாறியதைக் கிடங்குக்காரர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அழகான சான்றிதழை மட்டும் அனுப்பி, ஒரே பீப்பாயைப் பலருக்கு விற்ற மோசடிகள் பிரிட்டனில் வெளியே வந்திருக்கின்றன. கிடங்குக்காரரிடம் நேரடியாகக் கேட்டுப் பதில் வராத பீப்பாய், இல்லாத பீப்பாய்.

"ராஜாஜி பொறந்த ஜில்லாவுல உக்காந்துகிட்டு இதை ஒரு பெருமையா பேசறியே, வெக்கமா இல்ல?"

இது என் சித்தி கேட்டது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கம். 1937 அக்டோபர் 1-இல் அவர் மதுவிலக்கை முதலில் கொண்டு வந்ததும் சேலம் ஜில்லாவில்தான். அன்றைக்குத் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்குள்தான் இருந்தன. குடித்துக் குடும்பத்தை அழித்தவர்களை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன், சித்தி சொல்வதில் பாதி நியாயம் உண்டு. குடிக்காதவரை நான் தொடங்கச் சொல்வதில்லை. மாதக்கணக்கில் ஒரு சொட்டும் குடிக்காமல் லேபிளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவன் நான் என்றேன். "அது அதை விடப் பைத்தியம்" என்றார். அதற்குப் பதில் இல்லை.

"கடைசியா ஒண்ணு. எதையாவது திறந்து குடிச்சீங்களா, இல்ல பார்த்துகிட்டேதானா?"

தகடூர் அதியமானுக்குக் கள் கொஞ்சமாகக் கிடைத்தால் ஔவைக்கே கொடுத்துவிடுவானாம். நிறையக் கிடைத்தால் அவர் பாட, கூடவே உட்கார்ந்து தானும் குடிப்பானாம். அந்தத் தகடூர்தான் நம்ம தர்மபுரி. எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. ஆனால் போன தை மாதம், பள்ளியில் கூடப் படித்த மூன்று பேரோடு மொட்டை மாடியில் ஒரு ரோஸ்பேங்கைத் திறந்தேன். கார்க் பாதியில் முறிந்து உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடித்தோம். முதல் வாய் குடித்த ஒருவன், "இளநியில எலுமிச்சங்கா புழிஞ்ச மாதிரி இருக்குடா, இதுக்கா இவ்ளோ காசு?" என்றான். இரண்டாவது சுற்றில் அவன் ஒன்றும் பேசவில்லை.

காலி பாட்டிலையும் ஏலத்தில் வாங்க ஆள் உண்டு. எதற்கு என்று மேலே டூப்ளிகேட் கேள்வியைப் படித்தவர்களுக்குப் புரியும். அதனால் மறுநாள் காலையிலேயே லேபிளைத் தண்ணீரில் ஊற வைத்துச் சுரண்டிவிட்டேன். இப்போது அம்மா அதில் மணி பிளாண்ட் வைத்திருக்கிறார். நன்றாகத் துளிர் விட்டிருக்கிறது.